காற்றாலை எத்தனை மேனி காணும்?

தோவாளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் செய்ய ஆன இரும்பு, சிமெண்ட், டீசல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆயுள் முழுக்கச் சுற்றினாலும் அந்தச் சக்தியை அவை திருப்பித் தராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. உண்மையா சார்? அப்புறம், சோலார் கரண்ட் யூனிட் இரண்டரை மூன்று ரூபாய்க்கு வந்துவிட்ட காலத்தில் நிகர எரிசக்தி என்று தனியாக ஒரு கணக்கு எதற்கு?" இது இரண்டு கேள்வி. முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: அந்தப் பதிவு பொய். இரண்டாவதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். விலை மலிவாக இருக்கிறது, பிறகென்ன கவலை என்பது நியாயமான சந்தேகம். பலருக்கும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. 1990களில் ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்புக் குழுவில் சேர்ந்து பதினொரு வருஷம் ஏணி ஏறினேன். பிறகு ஓய்வு பெறும் வரை பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தேன். இயந்திரம், இரும்பு, எண்ணெய், யூனிட் பற்றிச் சொல்வதை நேரில் பார்த்துச் சொல்கிறேன். நாட்டின் பொருளாதாரம் பற்றிச் சொல்வதை வாசித்து யோசித்துச் சொல்கிறேன். எது எது என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு நிகர எரிசக்தியை விளக்கவே வேண்டாம். அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளந்ததும் என் தாத்தாவைப் பார்க்கிறவர்கள் கேட்பது "எத்தனை மேனி?" என்றுதான். ஒரு கோட்டை (எங்கள் பக்கத்து நெல்லளவு) விதைத்த வயலில் பத்துக் கோட்டை கண்டால் பத்து மேனி. அந்தப் பத்தில் ஒன்று அடுத்த பூவுக்கு (போகத்துக்கு) விதைக்கோட்டையாகக் கட்டி வைக்கப்படும். அறுத்தவர்களுக்குக் கொத்து, நிலத்துக்காரருக்குப் பாட்டம், இதெல்லாம் போக மீதி பத்தாயம் என்கிற நெற்பெட்டிக்குள் போகும். அத்தையின் கல்யாணம், அப்பா நாகர்கோவிலில் தங்கிப் படித்தது, கோயில் கொடை எல்லாம் அந்தப் பத்தாயத்திலிருந்து வந்தவை. மேனி பன்னிரண்டிலிருந்து பத்தானால் தாத்தா முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மூன்றாகிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் படிப்பு நிற்கும், கொடை சுருங்கும். ஒரு சக்தியைத் தேடி எடுக்க எவ்வளவு சக்தி செலவானது, எவ்வளவு கிடைத்தது என்ற விகிதத்தை ஆங்கிலத்தில் இ.ஆர்.ஓ.ஐ. என்பார்கள். அதற்கு நம்மூர்ப் பெயர் மேனி என்று வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். இனி அப்படியே எழுதுகிறேன்.

மீதிப் பாதிக் குழப்பம், எதை விதை என்று கணக்கில் சேர்ப்பது என்பதில் வருகிறது. விதைநெல் மட்டுமா? உழுத மாட்டுக்குப் போட்ட வைக்கோலுமா? நாற்று நட்டவர்கள் குடித்த கஞ்சியுமா? ஆய்வாளர்கள் அடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பழைய 250 கிலோவாட் காத்தாடியை வைத்து நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எடைகள் தோராயம், கூட்டியே வைத்திருக்கிறேன். கோபுரம், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் கூடு, அடித்தளக் கம்பி எல்லாம் சேர்த்து 30 டன் இரும்பு. ஒரு கிலோ இரும்பைத் தாதுவிலிருந்து உருக்கி எடுக்கச் சுமார் 7 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி என்று கொண்டால் 2,10,000 யூனிட். அடித்தளத்துக்கு 20 டன் சிமெண்ட், அது கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், ஆக 20,000. கண்ணாடியிழை இறக்கைகள் மூன்றும் எடை குறைவு, ஆனால் பிசினும் இழையும் சக்தியை நிறையக் குடிப்பவை, 70,000 வைப்போம். செம்பு, டிரான்ஸ்பார்மர், கேபிளுக்கு 50,000. லாரி, கிரேன் டீசல் 3,000 லிட்டர். லிட்டருக்கு 10 யூனிட் வெப்பம், ஆக 30,000. கூட்டினால் 3,80,000. விட்டுப்போனதற்காக 4,50,000 என்று உயர்த்திக்கொள்வோம். இனி வரவு. 250 கிலோவாட் இயந்திரம் வருஷம் முழுக்க முழுவீச்சில் சுற்றினால் சுமார் 22 லட்சம் யூனிட் தரும். அப்படி எங்கேயும் சுற்றாது. ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று வைத்தால் 4,38,000. ஆக, போட்ட விதை ஏறத்தாழ ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மீதிக் காலம் விளைச்சல்.

ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்றுவது, இறக்கை ஒட்டுப்போடுவது, உதிரிபாகம், ஜீப் ஓட்டம் என்று இன்னும் 2,50,000 யூனிட் செலவு சேர்த்தால் மொத்தச் செலவு 7 லட்சம். இருபது வருஷ வரவு 87 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டு மேனிக்குக் கொஞ்சம் கூடுதல். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். செலவில் பெரும்பகுதி நிலக்கரி, டீசல் வெப்பம். வரவு முழுக்க மின்சாரம். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க மூன்று யூனிட் வெப்பம் வேண்டும். அந்தக் கணக்கில் மின்சாரத்துக்கு மூன்று மடங்கு மதிப்புக் கொடுத்தால் அதே காத்தாடி 37 மேனி. ஒரே இயந்திரம், ஒரே காற்று. கணக்கெழுதும் முறையில் மட்டும் 12க்கும் 37க்கும் வித்தியாசம். நூறு காற்றாலைகளுக்கு மேல் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வில், உண்மையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களின் சராசரி 20க்குப் பக்கத்தில் வந்தது. என் கைக்கணக்கு அதற்குள் அடங்குகிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் சராசரியில் மறைகிற சங்கதி ஒன்று உண்டு. ஒரு வருஷம் ஜூன் முதல் வாரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்தில் கியர்பாக்ஸ் பல் உடைந்தது. மேலே கூட்டுக்குள் போய் எண்ணெயை வடித்தால் அடியில் இரும்புப் பொடி மினுமினுக்கிறது. கையில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இருந்தது. உதிரிபாகம் வந்து, கிரேன் கிடைத்து, மாட்டி முடிக்கும்போது அக்டோபர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பெரும்பாலும் வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரைதான். அந்த இயந்திரத்துக்கு அந்த வருஷம் மேனி என்று சொல்லவே ஒன்றுமில்லை. காத்தாடி சுற்றாமல் நிற்பதைப் பார்த்துப் பஸ்ஸில் போகிறவர்கள் "இதெல்லாம் சும்மா" என்று பேசுவதில் எனக்கு வருத்தமில்லை. பாதி நேரம் காற்றில்லாமல் நிற்கிறது, கொஞ்சம் நேரம் எங்களைப் போன்றவர்களால் நிற்கிறது.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. 100 யூனிட் எடுக்கிறோம். இருபது மேனி என்றால் 5 யூனிட் விதைக்குப் போகும், 95 கையில் நிற்கும். பத்து மேனி என்றால் 90 நிற்கும். ஐந்து என்றால் 80. மூன்று என்றால் 67. இரண்டு என்றால் பாதி. ஒன்றேகால் என்றால் வெறும் 20. இது திற்பரப்பு அருவி மாதிரி. அருவிக்கு மேலே ஆறு அகலமான பாறை மேல் கிட்டத்தட்டச் சமதளமாகவே வந்துகொண்டிருக்கும். முழங்கால் நீரில் நடந்து பார்த்தவர்களுக்குச் சரிவே தெரியாது. விளிம்பு வந்ததும் ஐம்பதடி கீழே. மேனி ஐம்பதிலிருந்து இருபதுக்கு இறங்கினால் நமக்கு 3 யூனிட்தான் நட்டம், உலகமே கவனிக்காது. ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 30 யூனிட் போய்விடும். அதனால் இருபதா முப்பதா என்று சண்டை போடுகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. ஐந்தா இரண்டா என்ற சண்டையில்தான் காது கொடுக்க வேண்டும். இது வெறும் கூட்டல் கழித்தல், இதில் சந்தேகமே கிடையாது.

இந்தக் கணக்கைப் பெட்ரோலியத்துக்குக் கொண்டுபோனவர் சார்லஸ் ஹால் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். அவர் ஆரம்பித்தது எண்ணெயில் இல்லை, மீனில். வட கரோலினாவில் நியூ ஹோப் என்ற ஓடையில் மீன்கள் எதற்கு நீரோட்டத்தை எதிர்த்து மேலே நீந்திப் போகின்றன என்று பார்த்தார். நீந்தச் செலவாகும் ஒரு கலோரிக்கு நாலு கலோரியாவது திரும்பக் கிடைப்பதால்தான் என்று கண்டார். பிறகு 1981இல் கட்லர் கிளீவ்லாண்டோடு சேர்ந்து, அமெரிக்காவில் துளைபோடும் வேலை கூடக் கூட ஒரு அடித் துளைக்குக் கிடைக்கும் எண்ணெய் குறைகிறது என்று எழுதினார். சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ படகு வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். படகு கூடியது, குதிரைசக்தி கூடியது, தங்குகடல் நாள் கூடியது, ஒரு லிட்டர் டீசலுக்குக் கிடைக்கும் மீன் குறைந்தது. மொத்தப் பிடிப்பு கூடலாம். ஏலக்கூடத்தில் கூட்டம் நிறைந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகிற பங்கு மெலிகிறது. எண்ணெயிலும் அதுதான் நடந்தது. தரைக்கு அடியிலிருந்து தானாகப் பீறிட்ட காலம் போய், ஆழ்கடல், நீராவி வைத்து உருக்கி எடுக்கும் கனடா தார்மணல் என்று வந்திருக்கிறோம். தார்மணலின் மேனியை ஆய்வுகள் ஒற்றை இலக்கத்தில்தான் சொல்கின்றன.

மேனி குறைந்தால் பொருளாதாரம் என்ன ஆகும்? நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: சக்தி எடுக்கும் வேலைக்கே அதிக ஆளும் இரும்பும் டீசலும் போனால், மற்ற வேலைகளுக்கு அவ்வளவு குறையும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரோடு, சினிமா எல்லாம் பத்தாயத்து மீதியில் நடப்பவை. சந்தேகத்துக்குரியது, இதிலிருந்து ஒரு மந்தமோ விலைவாசி உயர்வோ எப்போது வரும் என்று கணிப்பது. 1973, 1979, 2008 மூன்றையும் காட்டி, எண்ணெய்ச் செலவு ஒரு அளவைத் தாண்டினால் மந்தம் வரும் என்று சிலர் எழுதுகிறார்கள். பொருத்தம் தெரிகிறது, ஆனால் அந்த வருஷங்களில் யுத்தமும் வங்கிக் குளறுபடியும் கூடவே இருந்தன. ஒரு நாகரிகம் ஓட இத்தனை மேனி கட்டாயம் வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்பவர்களும் உண்டு. சிலர் மூன்று, சிலர் பத்துக்கு மேல். எந்த எண்ணுக்கும் நான் ஜாமீன் நிற்க மாட்டேன்.

நம் நாட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். அந்த எண்ணெய்க்கு நாம் துளை போடுவதில்லை, அதனால் நமக்கு மேனி என்னவென்று கேட்டால், அந்த எண்ணெயை வாங்கும் டாலருக்கு நாம் என்ன விற்றோம், அதைச் செய்ய எவ்வளவு சக்தி ஆனது என்று பார்க்க வேண்டும். டீசல் எரித்து இறால் பிடிக்கிறோம். ஐஸ் போட்டு, குளிரூட்டிக் கப்பலில் அனுப்புகிறோம். வந்த டாலரில் டீசல் வாங்குகிறோம். எண்ணெய் விலை இரட்டித்தால் அதே டீசலுக்கு இரண்டு மடங்கு இறால் அனுப்ப வேண்டும், அதாவது ராத்திரியோடு ராத்திரியாக நம் மேனி பாதியாகிறது. அரபுக் கிணற்றில் ஒன்றுமே மாறியிருக்காது. நம் மாவட்டத்துப் பையன்கள் பலர் வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணமும் ஒரு வகையில் இந்தச் சுற்றுக்குள்தான் வருகிறது.

இங்கேதான் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரூபாய்க் கணக்கு போதாதா? ஓரளவு போதும் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பொருளைச் செய்ய நிறையச் சக்தி ஆனால் அதன் விலையில் அது தெரியத்தானே வேண்டும். ஒன்றுக்குக் கீழே மேனி உள்ள ஒன்றை மானியம் இல்லாமல் மலிவாக நீண்ட நாள் விற்க முடியாது. சோலார் விலை இறங்கியதே அதன் மேனி ஏறியதற்கு ஒரு சாட்சி. ஆனால் ரூபாயில் வட்டி இருக்கிறது, வரி இருக்கிறது, மானியம் இருக்கிறது, எந்த நாட்டு நிலக்கரியில் சோலார் பலகையைச் சுட்டார்கள் என்பதும் ஒளிந்திருக்கிறது. வள்ளத்தின் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்தாலும் வெளிச்சந்தையில் வாங்கினாலும் கரையிலிருந்து மீன் இருக்கும் இடத்துக்கு அதே லிட்டர்தான் குடிக்கும். விலை இன்றைய நிலையைச் சொல்லும். மேனி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நாளைய விலையைப் பற்றி ஏதோ சொல்லும்.

மானியம் கணக்கைக் கோணலாக்கும் இடத்துக்குப் பெட்ரோலில் கலக்கும் சாராயமான எத்தனால் நல்ல உதாரணம். அதற்கு முன் கருப்பட்டி. என் அம்மா வீட்டுப் பக்கம் பனையேற்று உண்டு. பத்து லிட்டர் அக்கானி (பதநீர்) காய்ச்சினால் ஒன்றேகால் கிலோ அளவுக்குக் கருப்பட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எட்டரை ஒன்பது லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி முழுதாக ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும், இது இயற்பியல், எந்த அடுப்பாலும் மாற்ற முடியாது. ஆக 6 யூனிட். அந்தக் கருப்பட்டியைத் தின்றால் உடம்புக்குக் கிடைப்பதும் அஞ்சரை யூனிட்தான். அடுப்பு மூன்று கல் அடுப்பு, தீயில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சட்டியில் ஏறாது. எனவே எரிப்பது 30 யூனிட், ஏழெட்டுக் கிலோ விறகு. வெறும் சக்திக் கணக்கில் இது ஒன்றுக்கு ஆறு என்று தலைகீழ். ஆனால் யாரும் கருப்பட்டியை அடுப்பில் போட்டு எரிப்பதில்லை. காய்ந்த ஓலை, சில்லாட்டை, கொதும்பு என்று விற்க முடியாததை எரித்து, சிரட்டையில் ஊற்றி விற்கக்கூடியதைச் செய்கிறார்கள். அது வியாபாரம், அதில் தப்பில்லை. இதே அடுப்பை வைத்துக்கொண்டு எரிபொருள் தயாரிக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் மட்டும் கையைப் பிடிக்க வேண்டும். மேனிக் கணக்கைச் சக்தி தருவதாகச் சொல்கிறவரிடம்தான் கேட்க வேண்டும், மற்றவரிடம் கேட்பது அபத்தம்.

பெட்ரோல் பங்கில் இப்போது 20 சதவீத எத்தனால் கலப்பு. புளித்த மாவுக்குழம்பிலிருந்து சாராயத்தைப் பிரிக்க வடிக்க வேண்டும், வடிக்க வெப்பம் வேண்டும். கருப்பட்டி அடுப்பின் கதைதான். அமெரிக்க மக்காச்சோள எத்தனாலுக்குப் பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மேனி சொல்கின்றன. அருவியின் விளிம்புக்குக் கீழே. பிரேசில் கரும்பு எத்தனாலுக்கு எட்டு அளவுக்கு வந்திருக்கிறது, காரணம் எளிது: கொதிகலனில் எரிவது கரும்புச் சக்கை. நம் நாட்டில் கரும்பிலிருந்தும் வருகிறது, அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. எல்லாம் ஒரே பெயரில், ஒரே பங்கில், பக்கத்துப் பக்கத்து விலையில். மேனி வேறு வேறு. எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது, விவசாயிக்கு விலை கிடைப்பது என்று அரசுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். சக்தி கிடைக்கிறது என்ற காரணத்தை மட்டும் ஆலைக்கு ஆலை கேட்டு வாங்க வேண்டும்.

நிலக்கரி பற்றி ஒரு தவறான ஒப்பீடு அடிக்கடி கண்ணில் படுகிறது. சுரங்க வாயில் நிலக்கரிக்கு மிகப் பெரிய மேனி சொல்லி, பக்கத்தில் சோலார் மின்சாரத்தை வைத்துச் சிறுமைப்படுத்துவார்கள். சுரங்க வாயில் கிடப்பது கல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு அது ஒடிசாவிலிருந்து ரயிலேறி, கப்பலேறி வந்து, எரிந்து, மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகக் கடலுக்கும் காற்றுக்கும் போன பிறகுதான் மின்சாரம். 2019இல் வந்த ஒரு உலக அளவிலான கணக்கில் புதைபடிவ எரிபொருள்களின் மேனி எடுக்கும் இடத்தில் 30 அளவில் இருந்தது, பயன்படும் வடிவத்தில் 6 அளவுக்கு இறங்கியது, மின்சாரமாக என்றால் இன்னும் கீழே. நெல்லை நெல்லோடும் சோற்றைச் சோற்றோடும் ஒப்பிட வேண்டும்.

சோலாரில் சண்டை இன்னும் பெரியது. 2016இல் இருவர் சுவிட்சர்லாந்துச் சோலாரின் மேனி ஒன்றுக்கும் கீழே என்று எழுதினார்கள். அடுத்த வருஷமே இருபதுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, அதே நாட்டில் அது 7 முதல் 10 என்று மறுத்தார்கள். முதல் இருவர் கூலியையும் வட்டியையும்கூடச் சக்தியாக மாற்றிக் கூட்டியிருந்தார்கள், பலகை விவரமும் பழையது. நாற்று நட்டவர் வீட்டுத் தீபாவளிச் செலவையும் விதையில் சேர்த்தால் எந்த வயலும் விளையாது. மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. நம் வெயிலில் இப்போதைய பலகைகள் ஒன்றரை வருஷத்துக்குள்ளேயே தன் விதையைத் திருப்பிவிடும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றால் வடகிழக்கே தெரிகிற கூடங்குளம் பற்றியும் கேட்பீர்கள். அணு மின்சாரத்தின் மேனிக்கு ஐந்திலிருந்து எழுபத்தைந்து வரை எண்கள் புழங்குகின்றன. இவ்வளவு அகலத்துக்கு முக்கியக் காரணம் யுரேனியத்தைச் செறிவூட்டும் முறை. பழைய வாயுப் பரவல் முறை, இப்போதைய மையவிலக்கு முறையைப்போலச் சுமார் ஐம்பது மடங்கு மின்சாரம் குடித்தது. பழைய எண்ணை வைத்தால் மேனி விழும், புதியதை வைத்தால் எழும். கூடங்குளத்துக்கு எரிபொருள் தரும் ரஷ்யா பயன்படுத்துவது மையவிலக்கு. எனவே மேனியைக் காட்டி அணு உலையை எதிர்ப்பது பலவீனமான வாதம். இடிந்தகரை மக்கள் கேட்டது பாதுகாப்பும் கடலும். அவற்றுக்கு இந்தக் கணக்கில் பதிலே கிடையாது.

காற்றாலையின் உண்மையான பலவீனம் பருவம். நம் கணவாயில் ஆனி ஆடியில் அள்ளிக் கொட்டும், மார்கழியில் ஆளே இல்லாத சந்தை மாதிரி இருக்கும். அதிகக் காற்றுள்ள ராத்திரிகளில் லைன் கொள்ளாமல் நிறுத்தச் சொல்லி போன் வரும். நன்றாகச் சுற்றுகிற இயந்திரத்தை நம் கையாலேயே நிறுத்துவது போல எரிச்சல் வேறில்லை. பேட்டரியில் சேமிக்கலாமே என்றால், பேட்டரிக்கும் விதை உண்டு. 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போட்ட ஒரு கணக்கில் விசித்திரமான முடிவு வந்தது: சீக்கிரம் சாகிற பேட்டரியில் காற்று மின்சாரத்தைச் சேமிப்பதைவிட, மிஞ்சியதை விட்டுவிடுவது சக்தி அளவில் லாபம். காற்று அவ்வளவு மலிவு, பேட்டரி அவ்வளவு செலவு. பிறகு லித்தியம் பேட்டரியின் ஆயுள் கூடியிருக்கிறது, அதனால் அந்த முடிவு இன்றைக்கு அப்படியே நிற்காது. மலையில் நீரை ஏற்றி இறக்கும் முறைதான் சேமிப்பில் பழைய கை. கோவைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் அப்படி இருக்கிறது. ஏற்றியதில் கால் பங்கு போகும், ஆனால் அணை நூறு வருஷம் நிற்கும். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை இன்னும் நமக்குத் தண்ணீர் தருகிறது. ஆனாலும் ஆடிக் காற்றை மார்கழிக்கு ஒதுக்கி வைக்க எந்தச் சேமிப்பும் இன்றைக்குக் கட்டுபடியாகாது. மார்கழிக்கு வேறு மூலம் வேண்டும். அந்த வேறு மூலத்தின் செலவில் ஒரு பங்கைக் காற்றின் கணக்கில் எழுத வேண்டுமா என்பது இன்னும் தீராத வழக்கு. எழுதினால் மேனி கணிசமாக இறங்கும். கொஞ்சமாவது எழுதத்தான் வேண்டும் என்பேன்.

இன்னொன்று வேகம். ரப்பர் வைத்தவர்களுக்கு இது புரியும். ஏழு வருஷம் உரம், களை, காவல், பிறகுதான் பால்வெட்டு. ஒரு ஏக்கர் வெட்டுக்கு வந்ததும் அந்த வருமானத்தில் இரண்டு ஏக்கர் கன்று வைத்து, அது வந்ததும் நாலு வைத்துக்கொண்டே போனால், ஊரில் பெரிய ரப்பர்க்காரர் என்று பெயர் வரும், வீட்டில் கஞ்சிதான் இருக்கும். சோலார் தொழில் உலக அளவில் 2000களில் இப்படித்தான் இருந்தது. வளர்ச்சி அவ்வளவு வேகம், பலகைகள் அவ்வளவு சக்தி குடித்தன. தொழில் முழுவதையும் ஒன்றாக எடுத்தால் தந்ததைவிட வாங்கியது அதிகம். 2012 வாக்கில்தான் வரவுப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அதே ஸ்டான்ஃபோர்டுக் குழு கணித்தது. இது நட்டம் அல்ல, முதலீடு. ஆனால் அந்த வருஷங்களுக்கான சக்தியை யாரோ நிலக்கரியில் எரித்துத் தந்தார்கள். ரூபாய்க் கணக்கில் இது தெரியவே தெரியாது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் 1988இல், கட்டத் தொடங்கியது 2002இல், முதல் மின்சாரம் 2013இல். பதினொரு வருஷம் விதை மண்ணுக்குள். ஒரு காத்தாடி நாலு மாதத்தில் நின்று சுற்ற ஆரம்பித்துவிடும். மேனி ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

மேனி சொல்லாதவை நிறைய. யார் நிலம் போனது, இறக்கையில் எந்தப் பறவை அடிபட்டது, பழைய கண்ணாடியிழை இறக்கையை எங்கே கொட்டுவது, குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. ஒரு எண்ணை வைத்து நல்லது கெட்டது தீர்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

தம்பி, கேள்வியின் கடைசியில் உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய இயந்திரம் நிற்கிறது, அதை எடுத்துவிட்டுப் பெரிதாக வைக்கப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பழைய சிறிய காத்தாடிகள் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது உண்மைதான். மூன்று மடங்கு உயரத்தில் காற்றும் கூடுதல். பழைய இரும்பை உருக்கிவிடலாம் என்பதால் போட்ட விதையில் கொஞ்சம் திரும்பியும் வரும். ஆனால் அந்த இயந்திரம் இன்னும் வருஷத்துக்கு மூன்றரை நாலு லட்சம் யூனிட் தந்துகொண்டிருந்தால் அவசரப்பட்டு இறக்குவதில் அர்த்தம் குறைவு, அதன் விதைச்செலவு எப்போதோ அடைந்துவிட்டது, இனி வருவதெல்லாம் பத்தாயத்துக்குத்தான். கோபுரத்தில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள கிலோவாட்டையும் வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காவலரிடம் கேட்டால் மீட்டர் நோட்டைக் காட்டுவார். கடைசி மூன்று வருஷ யூனிட்டையும், எத்தனை நாள் ரிப்பேரில் நின்றது என்பதையும் எழுதி இங்கே போடுங்கள். கணக்கை உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.